ஆற்றுப்படுத்துவோன்: மலைபடுகடாமும் பணி ஓய்வும்

ஓய்வு என்னும் சொல் இன்று அலுவலகச் சொல்லாகிவிட்டது. பணி ஓய்வு, விருப்ப ஓய்வு, ஓய்வூதியம் எனப் பல தொகைகளில் அது வழங்குகின்றது. தொல்காப்பிய உரியியலில் அதற்கு வேறோர் இடம் உண்டு. ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாஅய் என்னும் நான்கினையும் ஆசிரியர் ஒரே நூற்பாவில் வைத்து, முன் உள்ளதொன்று நுணுகுதலாகிய பொருளைத் தருவன என்பர். ஆகவே ஓய்தல் என்பது இல்லாமற்போதல் அன்று, உள்ளது நுண்ணிதாதல். அதனை அடுத்து நிற்கும் ஆய்தல் என்பதே பின்னர்ப் பொருள் விரிந்து நம்மனோர் தொழிலுக்குப் பெயராயிற்று. சொற்களின் அண்மை ஒன்றனையே கொண்டு கோட்டை கட்டுவது நம் துறையில் மலிந்த குற்றங்களுள் ஒன்றாதலின், இதன்மேல் யான் யாதொன்றும் நிறுவ முற்படவில்லை. ஆயினும் ஓய்வைப் பற்றிப் பழந்தமிழ் நூல்கள் பேசவே இல்லை என்போர்க்கு இந்நூற்பா ஒரு தடையாக நிற்கட்டும்.

அவ்வாறு கூறியவர் என் நண்பர் ஒருவர், கல்லூரித் தமிழாசிரியர். தமிழ்நாட்டரசுப் பணியில் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அவ்வுயர்வை அவர் விரும்பினாரல்லர். முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெற்று வெளியேற எண்ணினார். எண்ணியவர் தயங்கினார். 'வெளியேறிய பின் யான் யாராவேன்? இதற்கு நம் இலக்கியம் என்ன கூறுகிறது? இளமையில் காதலும் போரும் கூறும். முதுமையில் நிலையாமை கூறும். இடைப்பட்ட காலத்தை அது விட்டுவிட்டது' என்றார். இக்கட்டுரை அவ்வினாவிற்கு விடை காணும் முயற்சி. விடையைப் பெரிதும் மலைபடுகடாத்திற் காணலாம் என்பதும், அவ்விடை இன்று தொண்டு என்ற பெயரால் வழங்கும் சில பழக்கங்களை வினவுகின்றது என்பதும் யான் கூற முற்படுவன.

முதற்கண் இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியக் கற்பியலின் இறுதிப் பகுதியில் ஒரு நூற்பா உண்டு. காமம் நுகர்ந்து நிறைந்த கடைசிக் காலத்தே, காவலாகத் தக்க மக்களோடும், அறத்தை விரும்பும் சுற்றத்தோடும் கூடி, தலைவனும் தலைவியும் சிறந்ததனைப் பயிற்றுதலே கழிந்த வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. உரை மரபு 'சிறந்தது' என்பதனை வீட்டு நெறியின்பாற் செலுத்தியது; நச்சினார்க்கினியர் உரை அத்திசையில் நெடுந்தூரம் செல்லும். வடநூலார் கூறும் வானப்பிரத்த நிலையோடு இதனை இணைத்துக் காண்பாரும் உளர். ஆயின் நூற்பாவின் சொற்கள் அவ்விணைப்பிற்கு எளிதில் இடந்தரா. வானப்பிரத்தன் காட்டிற்குச் செல்வான். இங்குச் செல்கை இல்லை. மக்களையும் சுற்றத்தையும் விட்டு நீங்குதல் இல்லை. அவர்களோடு கூடியே அது நிகழ்கின்றது. தலைவன் மட்டும் அன்று, தலைவியும் உடன் எண்ணப்படுகின்றாள். 'சிறந்தது' இன்னது என ஆசிரியர் வரையறுத்தாரும் அல்லர். வரையறாமையே அவர் கருத்து என்று கொள்வதில் இழுக்கில்லை. அவரவர்க்குச் சிறந்தது அவரவர் கழித்த வாழ்விலிருந்தே வருவது. அதனாலன்றோ அதனைக் கழிந்ததன் பயன் என்றார்!

'பயிற்றல்' என்னும் சொல்லும் நோக்கற்பாலது. பயிலுதல் தன்னளவில் நிற்பது. பயிற்றுதல் பிறர்க்குச் சென்று சேர்வதையும் உட்கொள்வது. தான் பலகால் செய்து தழும்பேறிய ஒன்றைப் பிறர் கைக்கு மாற்றுதல் என்னும் பொருள் அதனுள் அடங்கியிருத்தலின், நூற்பா பேசும் முதுமை மௌன முதுமை அன்று.

இந்நூற்பாவைக் கொண்ட பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வந்தது 1885ஆம் ஆண்டில். பதிப்பித்தவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. அவர் 1882ஆம் ஆண்டில், ஐம்பதாம் வயதில், அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்றவர். கழிந்த வாழ்வின் பயன் யாது என்று கூறும் நூற்பாவைத் தமிழ் மாணவர் கைக்கு அச்சில் கொண்டுவந்து தந்தவர் ஓர் ஓய்வு பெற்ற அலுவலர். இதனை யான் முன்னரே பலகால் படித்திருந்தும், இரண்டினையும் இணைத்து நோக்கியதில்லை.

இலக்கணம் காலத்தையும் கூட்டத்தையும் கூறிற்று; செயலைக் கூறாது விட்டது. செயலைக் காண ஆற்றுப்படைக்குச் செல்லல் வேண்டும். கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் தாம் பெற்ற பெருவளத்தைப் பெறாதவர்க்கு அறிவுறுத்தி, அவரும் சென்று பயன்பெறுமாறு வழிப்படுத்துதல் ஆற்றுப்படை எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். நம் திறனாய்வு இவ்வகை நூல்களைப் புரவலனின் புகழ் நூல்களாகவே கண்டு வந்துள்ளது. யார் பாடப்பட்டான், அவன் காலம் யாது, அவன் நாடு எத்துணைப் பரப்பினது என்னும் வினாக்களே நம் ஆராய்ச்சி ஏடுகளை நிரப்பின. பேசுகின்றவனைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைகொண்டாரல்லர். புலவன் கருத்தை ஏற்றிச் செல்லும் வண்டியாகவே அவன் கருதப்பட்டான்.

அவன் நிலையைச் சற்றே எண்ணுக. அவன் தேடல் முடிந்தது. பெற வேண்டியதைப் பெற்றுவிட்டான். வறுமை நீங்கிச் சுற்றத்தோடு ஊர் திரும்புகின்றான். எதிரே பசியோடு ஒரு கூட்டம் வருகின்றது. அவர்கட்கு வழி கூறுதல் அவனுக்குக் கடமை அன்று. கூறுவதனால் வருவதும் ஒன்றில்லை. அதே தொழில் செய்யும் பிறர் அப்புரவலனிடம் செல்வதால் தன் வரவு குறையும் என்று அஞ்சவும் கூடும். அவன் அஞ்சுவதில்லை, நிற்கின்றான், பேசுகின்றான். தொழில் முடிந்தவன், தொழில் தொடங்குவானுக்குக் கூலியின்றிச் செய்யும் உதவி என்று இதனைக் கூறலாம். நண்பர் தேடிய இடைப்பட்ட காலத்து மாந்தன் இவனே.

பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்து. அவற்றுள் மலைபடுகடாத்தையே இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அதன் இடம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னனைப் பாடிய 583 அடிகள் கொண்டது அப்பாட்டு. செங்கண்மா இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் அடிவாரத்தே, கணவாயின் வாயிலில் அமைந்த ஊர். பாட்டில் வரும் சேயாறு அம்மலையில் தோன்றி இன்றும் செய்யாறு என்ற பெயரோடு ஓடுகின்றது. நவிர மலையைப் பர்வத மலை என்பர். மற்றொரு காரணம் இன்னும் முதன்மையானது. பிற ஆற்றுப்படைகளில் இல்லாத அளவிற்கு இதில் வழியே பாட்டாகின்றது. நன்னனின் மூதூரை அடையுமுன் பாட்டின் பெரும்பகுதி கழிந்துவிடும். புரவலனைக் காட்டிலும் பாதையே மிகுதியாகப் பேசப்படும் புகழ்ப்பாட்டு எத்தகைய புகழ்ப்பாட்டு என்பது வினவத்தக்கது.

பேசுகின்ற கூத்தன் கூறும் அறிவுரையின் இயல்பைக் காண்போம். 'துணிந்து செல்க, நன்மையே விளையும்' என்பது போன்ற பொது உரை அவன் வாயில் மிகக் குறைவு. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு, ஆதலின் இருளில் செல்லாது விடிந்தபின் செல்க என்பான். தினைப்புனம் காப்போர் கவணில் விடும் கல் எங்கிருந்து வரும், மரத்தின் மறைவில் எவ்வாறு ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்பான். பாம்பு உறையும் இடத்தைக் கூறுவான். பாசி படர்ந்து கால் வழுக்கும் நீர்நிலையில், அருகே பின்னி வளர்ந்த சிறு மூங்கிலையும் நாணற் கோலையும் பிடித்துக்கொண்டு கடக்குமாறு கூறுவான். இவை நூலில் படித்தவை அல்ல. அவன் கால் ஒருமுறை வழுக்கியிருத்தல் வேண்டும். எந்தக் கோலைப் பிடித்தான் என்பது அவன் கைக்குத் தெரியும்.

முதுநிலை மாணவர்க்கு யான் பாடம் நடத்துங்கால் இப்பகுதியைச் சுருக்கி, 'வழியின் அருமை கூறப்பட்டது' என்று ஒரு தொடரில் முடித்து, நன்னனின் கொடைக்கு விரைந்த ஆண்டுகள் பல. தேர்வில் வரும் வினா நன்னனைப் பற்றியதே. இன்று நோக்குங்கால், யான் விரைந்து கடந்த இடமே பாட்டின் உயிர் என்று தோன்றுகின்றது. அறிவுரை கூறுவோன் பெற்றிருக்க வேண்டிய தகுதி யாது என்பதனை அவ்விடம் வரையறுக்கின்றது: தான் சென்ற வழியைத் தவிரப் பிறிதொன்றைக் கூறாமை.

இத்தகுதியைக் கொண்டு நம் அறிவுலகில் முன்கூட்டியே பணி துறந்தோர் மூவரை நோக்கலாம். தாமோதரம் பிள்ளை ஓய்வின் பின்னர் ஏடு தேடத் தொடங்கியவர் அல்லர். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தையும், பணியின் இறுதிக்கண் 1881இல் வீரசோழியத்தையும் வெளியிட்டவர். ஓய்வு அவர்க்குப் புதிய பொருளைத் தரவில்லை. பழைய பொருளுக்கு முழு நாளைத் தந்தது. 1887இல் கலித்தொகையும், 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் வெளிவந்தன. அதே காலத்தில் புதுக்கோட்டையில் நீதிபதியாக மீண்டும் பணியேற்றார் என்பதனையும் மறைத்தல் ஆகாது. ஏடு அச்சிடுதல் கைப்பொருளைக் கரைக்கும் தொழில். அவர் வாழ்வில் ஓய்வும் பணியும் தெளிவாகக் கோடு கிழித்துப் பிரிந்து நின்றனவல்ல.

மறைமலையடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை ஆசிரியராக இருந்து, முப்பத்தைந்தாம் வயதில் நீங்கினார். பல்லாவரத்தில் குடியேறித் துறவு மேற்கொண்டார். ஆயின் மனைவி மக்களோடே இருந்தார். இதனைக் குறை கூறினோர் உண்டு. கற்பியல் நூற்பாவை நினைவிற் கொள்வார்க்கு அது முரணாகத் தோன்றாது. மக்களோடும் சுற்றத்தோடும் கூடிச் சிறந்தது பயிற்றுதல் என்னும் நெறிக்கு அதனினும் அணுக்கமான சான்று காண்டல் அரிது. 1950இல் அவர் மறைந்தபின், அவர் சேர்த்த நூல்கள் 1958இல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் யாவர்க்கும் பொதுவாயின.

மூன்றாமவர் ஐராவதம் மகாதேவன். இவரைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். ஏனெனில் விருப்ப ஓய்வு என்னும் இக்கால ஏற்பாட்டைப் பயன்கொண்டவர் இவரே. 1930இல் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் இருந்து, 1980இல் ஐம்பது வயதையொட்டி விருப்ப ஓய்வு பெற்றார். 1966இல் தமிழ்-பிராமிக் கல்வெட்டுத் தொகுதியையும், 1977இல் சிந்து எழுத்துகளின் அடைவையும் வெளியிட்டவை அலுவலுக்கிடையே செய்தவை. புகளூர்க் கல்வெட்டில் சேரல் இரும்பொறை மரபினரைப் படித்துக் காட்டியதும் அக்காலத்தே. ஓய்வுக்குப் பின்னரும் அவர் வாழ்வு நேர்கோட்டில் செல்லவில்லை. 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியராக இருந்தார். அதனின்றும் நீங்கிய பின்னரே மீண்டும் குகைகட்கும் பாறைகட்கும் சென்று, முன்பு தாம் படித்தவற்றைப் புதிதாகப் படியெடுத்து ஒப்பிட்டார். ஆறாம் நூற்றாண்டு வரையிலான பழந்தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது 2003இல்; அப்பொழுது அவர்க்கு வயது எழுபத்திரண்டு. விருப்ப ஓய்விற்கும் அந்நூலிற்கும் இடையே இருபத்துமூன்று ஆண்டுகள்.

மகாதேவன் தமிழ்த்துறையினர் அல்லர் என்பது நம்மைச் சற்றே உறுத்த வேண்டும். இதில் நம் துறைகளின்மேல் ஒரு குற்றச்சாட்டு மறைந்துள்ளது. பதவியும் நேரமும் நூலகமும் பெற்றிருந்த நாம் செய்யாததைப் பதவி துறந்தோர் வந்து செய்தனர். 2007இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சிந்துவெளி ஆராய்ச்சி மையம் அமைந்தபோது, தாம் தேடிய வழியைப் பின்வருவார்க்குத் திறந்து வைக்கும் பணியையும் அவர் மேற்கொண்டார். 2018இல் மறையுங்காறும் அப்பணி தொடர்ந்தது. இது கூத்தனின் செயல்: பெற்றதைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பிவிடாமல் வழியில் நிற்றல்.

மூவரும் அறிஞர். அறிஞரல்லாதார்க்கு இவர்தம் வாழ்வு எவ்வாறு பொருந்தும் என்று வினவலாம். வினா நேரியது. அதற்கு விடை கூற ஜவ்வாது மலைக்கே செல்லல் வேண்டும்.

மாணவர் சிலரோடு யான் போளூர் வழியே ஜமுனாமரத்தூருக்குச் சென்றிருந்தேன். கையில் பத்துப்பாட்டு, பாட்டின் பாதையை நிலத்தில் காணும் ஆசை. அங்கு ஒருவரைக் கண்டோம். சமவெளிப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்து, ஆண்டுகள் சில எஞ்சியிருக்கும்போதே விருப்ப ஓய்வு பெற்றவர். பெயர் குறிப்பதை அவர் விரும்பார். கிழமைக்கு இருமுறை மலையேறி, சிற்றூர் ஒன்றில் மாலை நேரத்தே பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்பிக்கின்றார். முதலாண்டு தமக்கு எவ்வாறு கழிந்தது என்பதனை அவரே கூறினார்: 'ஐயா, முதல் வருசம் நான் பேசிக்கிட்டே இருந்தேன். பிள்ளைங்க ஒண்ணு ரெண்டா நின்னுட்டாங்க. ஒரு பாட்டி வந்து, சாமை அறுப்பு நாளில் எந்தப் பிள்ளை வரும்னு கேட்டா. அறுப்பு எப்போன்னே எனக்குத் தெரியாது. ரெண்டாம் வருசம்தான் கேக்க ஆரம்பிச்சேன்.'

அன்றிரவு தங்கிய இடத்தில் யான் மீண்டும் பாட்டைப் புரட்டினேன். இதுவரை காணாத ஒன்றைக் கண்டேன். அஃது இது: மலைபடுகடாத்தில் இரவலர் மலைமேற் செல்வோர், கொடுப்போர் மலையில் வாழ்வோர். நன்னன் கொடுப்பது பாட்டின் இறுதியில். அதற்கு முன் அடிதோறும் கொடுப்பவர் குறவரும் கானவரும் ஆயரும் உழவருமே. மனைக்குள் உரியவர் போலப் புகுந்து உண்ணலாம் என்று கூத்தன் உறுதி கூறுகின்றான். வழி தப்பினால் என் செய்வது என்னும் இடம் இன்னும் நுட்பமானது. அகன்ற பாறைமேல் கூடியிருந்து, உங்கள் இசைக்கருவிகளை அளவோடு இசையுங்கள் என்பான். அவ்வொலி கேட்டதும் காடு காத்து உறையும் கானவர், வெள்ளத்தில் ஒருவர் சிக்கிய பூசலைக் கேட்டவர்போல் விரைந்து வருவர். உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டுவர். இடையூறு நிறைந்த வழியில் தாம் முன்னே நடந்து உங்களை அழைத்துச் செல்வர் என்பது அவன் கூற்று.

ஆகவே வழிகாட்டிக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. கூத்தன் அறிந்த வழி அவன் கண்டுபிடித்தது அன்று. மலைவாழ்நர் முன்னே நடந்து காட்டியது. அவன் அதனை அடுத்தவர்க்குக் கடத்துகின்றான். நூலின் பெயரும் இதற்கே துணைநிற்கின்றது. மலையாகிய யானையிடத்துத் தோன்றும் ஓசையைக் கடாமாக உருவகித்தமையின் அப்பெயர் பெற்றது என்பர். பாட்டின் நடுவே அவ்வோசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அருவியொலி, கண்ணேணி வழியே ஏறித் தேன் கொள்வோர் ஆரவாரம், புலி பாய்ந்து கிழித்த கணவன் மார்புப் புண் ஆற வேண்டிக் கொடிச்சியர் பாடும் பாட்டு, நெல் குற்றுவோர் வள்ளைப்பாட்டு என அப்பட்டியல் நீளும். கூத்தர் பாடப் பிறந்தவர். பாடத் தொடங்குமுன் அவர்களைக் கேட்கச் சொல்கின்றான் அவன். ஓய்வு பெற்ற ஆசிரியர் இரண்டாம் ஆண்டில் கற்ற பாடமும் இதுவே. அவர் மலைபடுகடாம் முழுவதும் படித்தவரல்லர் என்பதனைச் சொல்லியாக வேண்டும். யான் படித்தவன், எனினும் அவர் சொல்லும் வரை எனக்கு அப்பகுதி விளங்கவில்லை.

பணி ஓய்வு பெற்றோர் தொண்டின் பொருட்டு மலைக்குச் செல்லுதல் இக்காலத்து நன்முயற்சிகளுள் ஒன்று. அதனைக் குறைத்துக் கூறுதல் என் நோக்கமன்று. ஆயின் அங்குள்ளோர் பெறுவோர், தாம் கொடுப்போர் என்னும் எண்ணம் உடன் ஏறிச் செல்லுமாயின், பாட்டின் முறை தலைகீழாகின்றது. ஜவ்வாது மலைவாழ் மலையாளி மக்கள் சாமை விளைப்போர். தேனும் புளியும் கடுக்காயும் திரட்டுவோர். புதுக்கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகளைத் தம் கோயில்களில் வைத்து வழிபட்டு, அவை அழியாது காத்தவர்கள். அவை யாருடைய கருவிகள் என்னும் நூலறிவு அவர்க்கு வேண்டியிருக்கவில்லை. ஆயினும் அருங்காட்சியகத்திற்கு வெளியே அவை நிலைத்தது அவர்களால். இம்மலைப் பகுதியின் அடிவாரத்து நடுகற்களை நம் தொல்பொருள் ஆய்வுத்துறை தேடித் தொகுத்து, இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருக்க, 'செங்கம் நடுகற்கள்' என வெளியிட்டது 1972இல். அதற்கு முன்னர் நூற்றாண்டுகளாக அக்கற்களைக் காத்தவை ஊராரின் வழிபாடும் அச்சமுமே. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்றைக் குறிப்பிடாது செல்ல மனம் வரவில்லை. மகேந்திரவர்மன் காலத்தது. ஆநிரை மீட்கும் போரில் தலைவன் வீழ்ந்தான். அவன் வளர்த்த கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்து அவனைக் காத்து நின்றது. கல்லில் நாயும் செதுக்கப்பட்டுள்ளது, பெயரோடு. தலைவன் வீழ்ந்த பின்னரும், ஏவுவார் இன்றியும், பணியை விடாது நின்ற அவ்வுயிரைத் தன்னார்வத் தொண்டர்க்கு முன்மாதிரி என்றால் மாணவர் நகைக்கின்றனர். நகைக்கட்டும்.

இனி ஒரு தடை. ஆற்றுப்படுத்துவோன் பெற்றவன் என்பதே இவ்வாதத்தின் அடி. பெறாதவன் யாது செய்வான்? ஓய்வூதியம் உடையானே விரும்பி ஓய்வு பெறுகின்றான். ஜவ்வாது மலையில் உழைப்போர்க்கு முன்கூட்டிய ஓய்வு என்னும் சொல்லே பொருளற்றது. நிலம் போதாமையால் கூலிக்கு மலையிறங்குவோர் அங்குப் பலர். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில் மரம் வெட்டச் சென்றோர் எனச் சுட்டுக் கொல்லப்பட்ட இருபதின்மருள் இம்மலையினரும் இருந்தனர். பாட்டில் விருந்தளித்த மலை, கூலி தேடி மக்களை வெளியே அனுப்பும் மலையாகியமைக்குக் காரணங்கள் பல. அவை இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆயினும் இத்தடையை யான் முற்றும் நீக்கிவிட்டதாகக் கூறமாட்டேன். ஓய்வில் பொருள் தேடும் வினா பெற்றவர்க்கே உரிய வினா என்பதனை ஒப்புக்கொண்டுதான் மேற்செல்ல வேண்டும். பெற்றவன் நின்று வழி கூறுதல் பெருமை அன்று. பெற்றமையாற் பிறந்த கடப்பாடு எனக் கொள்ளின் தடையின் கூர்மை சற்றுக் குறையும்.

மற்றொரு தடை எதிர்த்திசையிலிருந்து வருவது. ஓய்வு பெற்றோர் கூலியின்றிச் செய்துவிடுவராயின், செய்யக் கடமைப்பட்ட அரசும் பல்கலைக்கழகமும் கைகட்டி நிற்கும் என்பர். இது மெய். மலைமக்களின் பேச்சு வழக்கையும் பாடல்களையும் சடங்குச் சொற்களையும் முறையாகப் பதிவு செய்தல் தமிழ்த்துறைகளின் தொழில். ஓய்வு பெற்ற அஞ்சலகத்தாரும் பள்ளி ஆசிரியரும் தம் கைப்பொருளைச் செலவிட்டுச் செய்ய வேண்டியது அன்று. இங்கும் மலைபடுகடாம் ஓர் எல்லை கூறுகின்றது. கூத்தன் வழி கூறுகின்றானேயன்றி, நன்னன் கொடுக்க வேண்டியதைத் தான் கொடுப்பதில்லை. தன் மூட்டையை அவிழ்த்துப் பங்கிடுவதாகப் பாட்டில் ஓரடியும் இல்லை. கொடுக்க வேண்டியவன் கொடுக்குமாறு, பெற வேண்டியவரை அவன் வாயிலுக்குச் செலுத்துவதே ஆற்றுப்படுத்தல். மலைச் சிற்றூர்ப் பிள்ளைக்கு மாலையில் எழுத்தறிவிக்கும் ஆசிரியர் பள்ளிக்கு மாற்றாகமாட்டார். அப்பிள்ளையைப் பள்ளியின் வாயில் வரை கொண்டு சேர்த்து, உள்ளே அதற்குரியது கிடைக்கிறதா என்று கேட்டு நிற்பவராதல் வேண்டும். இவ்வெல்லையை மேற்கூறிய நண்பர்க்கும் கூறினேன். அவர் விருப்ப ஓய்விற்கு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆயின் விடுமுறை நாள்களில் தம் ஊரைச் சுற்றியுள்ள நடுகற்களுக்குச் சென்று அமர்ந்து, ஊர் முதியோர் சொல்வதை ஏட்டில் குறித்து வருகின்றார். ஓய்வுக்கு முன்னரே பயின்றாலன்றிப் பின்னர்ப் பயிற்ற இயலாது என்பதனைத் தாமோதரம் பிள்ளையும் மகாதேவனும் அவர்க்கு உணர்த்தினர் போலும்.

நடுகல் என்றமையின் பாட்டிலிருந்து ஓரிடம் கூறி நிறுத்துகின்றேன். வழியில் கிளைபிரியும் இடங்கள் பல; ஆங்கெல்லாம் போரில் புறங்கொடாது வீழ்ந்த மறவர்க்குப் பெயரெழுதி நட்ட கற்கள் மிகப் பல உண்டு. அவற்றை இசையோடு வழிபட்டுச் செல்க என்கின்றான் கூத்தன். அதனை அடுத்து, நிலத்திற்குப் புதியராகிய நீவிர் பாதைகள் கூடும் சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து இட்டுச் செல்லுங்கள் என்கின்றான். புல்லை முடிவது எதற்கு? நடப்போர்க்கு அதனாற் பயனில்லை. அவர்கள் அச்சந்தியைக் கடந்துவிட்டனர். பின் வருவோர் வழி தப்பாமைப் பொருட்டு எனக் கொள்வதே பொருத்தம். வழி கேட்டு வந்த பசித்த கூட்டத்தை, அவர் இன்னும் ஒன்றும் பெறாத அப்பொழுதே, பின் வருவார்க்கு வழிகாட்டிகளாக்குகின்றான் அவன். பெற்ற பின்னரே வழிகாட்டல் என்னும் இலக்கண வரையறையை இவ்வோரடி மீறுகின்றதா, விரிக்கின்றதா என்பது உரையாசிரியர் எவரும் எழுப்பியதாக யான் காணாத வினா. ஜமுனாமரத்தூரிலிருந்து திரும்புங்கால், பாதை இரண்டாகப் பிரிந்த ஓரிடத்தில் எம் மாணவியொருத்தி குனிந்து ஒரு கற்றைப் புல்லை முடிந்தாள். எந்தக் கிளை ஊருக்குச் செல்வது என்பதனை எங்கட்கு முன்னரே காட்டியிருந்தவள் மலையூர்ச் சிறுமி ஒருத்தி. அவள் அப்பொழுதும் எங்களுக்கு முன்னே நடந்துகொண்டிருந்தாள்.